எழுத்து போகும், நிழல் நிற்கும்: ஃபைபர் படகில் பழைய பெயரை எடுக்கும் வேலை

படகு கைமாறும்போது எஞ்சின் என்ன விலை, வலை சேர்த்தா சேர்க்காமலா என்பதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் பேசி முடிந்துவிடும். அணியத்தின் (படகின் முன்பகுதியின்) இரண்டு பக்கமும் பழையவர் எழுதி வைத்த பெயர் மட்டும் அப்படியே நிற்கும். வாங்கியவருக்குத் தன் பிள்ளை பெயரையோ குலசாமி பெயரையோ அங்கே எழுத வேண்டும். பெயின்டரைக் கேட்டால் மேலேயே ஒரு கோட் அடித்துவிட்டு எழுதலாம் என்பார். இன்னொருவர் கரடான 80 நம்பர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். இரண்டுமே படகைக் கெடுக்கும் வழி. மேலே அடித்தால் பழைய எழுத்தின் மேடு புதுப் பெயின்ட்டுக்கு அடியில் அப்படியே தெரியும். 80 நம்பரால் தேய்த்தால் எழுத்து அரை மணியில் போய்விடும், கூடவே அந்த இடத்தில் படகின் மேல்தோலான ஜெல் கோட்டும் போய்விடும்.

பெயின்ட்டை எடுப்பது இந்த வேலையில் சின்னப் பகுதிதான். பெயின்ட் போன பிறகு அதே எழுத்து நிழலாக நிற்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது பழைய பெயரைத் தூரத்திலிருந்தே வாசிக்கலாம். அந்த நிழலைப் போக்கத்தான் நேரமும் உழைப்பும் தேவை. அந்த உழைப்பும் எழுத்து இருந்த இடத்தில் இல்லை, அதைச் சுற்றியுள்ள இடத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் எழுத்தின் மேலேயே தேய்த்துக்கொண்டிருப்பதால்தான் பல படகுகளின் அணியத்தில் உள்ளே இருக்கும் கண்ணாடி நார் தெரிகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெயர் வேறு, பதிவெண் வேறு. ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கும் பதிவெண்ணை, படகு உங்கள் பெயருக்கு மாறி மீன்வளத்துறையின் தாள் கைக்கு வரும்வரை தொடாதீர்கள். எண் அழிந்த படகோடு கடலில் நின்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் கடலோரக் காவல்படைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பெயரை எடுக்கும்போது, பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் வழிந்து எண்ணைக் கலைத்துவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் வேலை தொடங்கும் முன் எண்ணின் மேல் பாலித்தீன் ஷீட்டைப் போட்டு, நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

கைக்கு அடியில் என்ன இருக்கிறது

ஃபைபர் படகின் வெளிப்பக்கம் பளபளப்பாக இருப்பது பெயின்ட் அல்ல. அதுதான் ஜெல் கோட்: நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின். அச்சில் முதலில் அதை அடித்து, அதன் மேல் கண்ணாடி நார் விரிப்பும் (மேட்) ரெசினும் போட்டுப் படகை எடுக்கிறார்கள். சாதாரணமாக அதன் கனம் அரை மில்லிமீட்டர். எழுதும் தாள் ஐந்தை அடுக்கினால் என்ன கனமோ அவ்வளவுதான். கடல் தண்ணீர் அந்த நார் விரிப்புக்குள் இறங்காமல் காப்பது இந்த அரை மில்லிமீட்டர். இது போய் நார் வெளியே தெரிந்தால், திரி எண்ணெயை இழுப்பதுபோல நார் தண்ணீரை உள்ளே இழுக்கும். வருடக்கணக்கில் ஊறினால் ரெசினும் நாரும் பிரியத் தொடங்கும். கடற்கரையில் இருபது வருடம் கிடக்கும் படகில் அந்த அரை மில்லிமீட்டரும் முழுதாக இருக்காது. வெயிலும் மணலும் ஏற்கெனவே கொஞ்சம் தின்றிருக்கும். ஆகவே ஜெல் கோட்டைக் காசைச் செலவழிப்பதுபோல எண்ணிச் செலவழிக்க வேண்டும்.

எழுத்து எந்தப் பெயின்ட்டில் இருக்கிறது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். நம் கரையில் பெரும்பாலும் சாதாரண சிந்தெடிக் எனாமல்தான். சில எழுத்துகள் ஸ்ப்ரே கேனில் அடித்தவை, சில இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட், சில வினைல் ஸ்டிக்கர். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எழுத்தின் ஒரு மூலையில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, என்.சி. தின்னரில் நனைத்த பஞ்சை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடனே கரைந்து பஞ்சில் நிறம் ஏறினால் ஸ்ப்ரே கேன். கரையாமல் சுருங்கி, தோல்போல எழும்பினால் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் பி.யு. அந்தப் பி.யு.வுக்குத் தின்னரை வீணாக்க வேண்டாம், நேராக வாட்டர் பேப்பருக்கு, அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளுக்குப் போய்விடலாம். டர்பென்டைன் இந்தச் சோதனைக்கு உதவாது. காய்ந்து முற்றிய எனாமலை அது ஒன்றும் செய்யாது.

2004 சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த படகுகள் பலவற்றில் கொடுத்த அமைப்பின் பெயரும் சின்னமும் எழுதியிருந்தார்கள். அதன் மேல் ஓர் ஆள் பெயர், அதற்கு மேல் இன்னொருவர் பெயர் என்று அடுக்கடுக்காகக் கிடக்கும் படகுகளும் உண்டு. அப்படிப்பட்டதில் சோதனையை இரண்டு மூன்று இடத்தில் செய்யுங்கள். மேல் அடுக்கு எனாமலாகவும் கீழ் அடுக்கு வேறாகவும் இருக்கலாம்.

வாங்க வேண்டியவை

ஓர் அடி உயரத்தில் எட்டு பத்து எழுத்து, இரண்டு பக்கமும் என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு போதும்: என்.சி. தின்னர் 1 லிட்டர், பனியன் வேஸ்ட் (துடைக்க உதவும் பனியன் துணிக் கழிவு) அரை கிலோ, ஒரு அங்குல மாஸ்கிங் டேப் 2 ரோல், வாட்டர் பேப்பர் 400-ல் 4 தாள், 600-ல் 4, 1000-ல் 3, 1500-ல் 2, ரப்பிங் காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) கால் கிலோ, மெழுகு பாலிஷ் ஒரு சின்ன டப்பா. சுரண்டுவதற்குப் பிளாஸ்டிக் பட்டி பிளேடு இரண்டு. அது கிடைக்காவிட்டால் மூங்கில் பட்டையை உளிபோலச் சீவிக்கொள்ளலாம். எனாமலைச் சுரண்ட அது நன்றாகவே இருக்கும், முனை மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம். இரும்பு பிளேடுதான் இருக்கிறது என்றால் அதன் இரண்டு மூலையையும் அரத்தால் உருட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஜெல் கோட்டில் விழும் நீளக் கீறல்களில் பெரும்பாலானவை பிளேடின் மூலையால் விழுபவை.

கையுறை விஷயத்தில் கவனம் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளை ரப்பர் கையுறை தின்னரில் ஊறிக் கிழிந்துவிடும். நீல நைட்ரைல் கையுறை கொஞ்ச நேரம் தாங்கும். அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். மூக்குக்குத் துணி கட்டினால் தூசு நிற்கும், தின்னர் ஆவி நிற்காது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று வேலை செய்வதுதான் வழி.

முதல் வேலை கழுவுவது. நல்ல தண்ணீரும் துணி சோப்புத் தூளும் போட்டு, உப்பு, மீன் எண்ணெய், டீசல் பிசுக்கு எல்லாம் போகத் தேய்த்து அலசுங்கள். உப்புப் படிவத்தோடு தேய்த்தால் அந்த உப்பே உப்புத்தாளாக வேலை செய்யும். காய்ந்ததும் எழுத்தின் மேல் பார்சல் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். ஜெல் கோட்டின் மேல் முன்பே மெழுகு இருந்து, அதைத் துடைக்காமல் எழுதியிருந்தால் பெயின்ட் டேப்போடு உரிந்து வரும். அப்படி வந்தால் பாதி வேலை மிச்சம்.

தின்னர் வேலையைக் காலை எட்டு மணிக்குள்ளோ, படகின் நிழல் விழும் பக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பக்கத்தில் தின்னர் துணியில் நிற்காமல் பறந்துவிடும், பெயின்ட் நெகிழவே நெகிழாது. எழுத்தைச் சுற்றி இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே எழுத்து. பனியன் வேஸ்ட்டைத் தின்னரில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, எழுத்தின் மேல் விரித்து, அதன் மேல் பாலித்தீன் பையைப் போட்டு உள்ளங்கையால் மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பை தின்னரைப் பறக்கவிடாது. பையை எடுத்ததும் எனாமல் சுருங்கிக் கிடப்பது தெரியும், உலர்ந்த நாவல்பழத் தோல் மாதிரி. அந்த நிமிடத்தில் பிளேடைப் படுக்கையாகப் பிடித்துத் தள்ளினால் சுருள் சுருளாக வந்துவிடும். தாமதித்தால் மறுபடி இறுகிவிடும். ஒரே கோட்டாக இருந்தால் ஒரு தடவை போதும். மூன்று நான்கு கோட்டாக இருந்தால் அத்தனை தடவை செய்ய வேண்டும். பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று துணியை ஊறவிட்டால் பெயின்ட்டோடு ஜெல் கோட்டின் பளபளப்பும் போய்விடும்.

மீதியைத் துடைக்கும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. சிவப்பு எழுத்தைத் தின்னர் துணியால் வட்டமாகத் துடைத்தால் போதும்: கரைந்த சிவப்பு, சுற்றியிருக்கும் வெளுத்த ஜெல் கோட்டுக்குள் இறங்கி ஒரு முழம் அகலத்துக்கு ரோஸ் நிறமாகிவிடும். வெயில் பட்டு வெளுத்த ஜெல் கோட் சுண்ணாம்புச் சுவர்போல. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. கரைந்த நிறம் அதற்குள் போனால் துணியால் எடுக்க முடியாது, அந்த அடுக்கையே தேய்த்து எடுக்க வேண்டிவரும். ஆகவே துடைப்பது எப்போதும் எழுத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஓர் இழுப்புக்குத் துணியின் ஒரு புதிய பக்கம். அரை கிலோ வேஸ்ட் சொன்னது இதற்காகத்தான். துணியில் சிக்கனம் பார்த்தால் வாட்டர் பேப்பரிலும் ஜெல் கோட்டிலும் இரட்டிப்பாகச் செலவாகும். சிவப்பு, நீலம், கறுப்பு மூன்றும் இப்படிப் பரவும். மஞ்சளும் வெள்ளையும் அவ்வளவு படுத்தாது.

கனமான எனாமலுக்குக் காஸ்டிக்

வருடா வருடம் அதே எழுத்தின் மேல் அதே நிறத்தை ஏற்றியிருந்தால் பெயின்ட் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குக்கூட நிற்கும். அதற்குத் தின்னரை விடக் காஸ்டிக் சோடா நல்லது. எனாமல் எண்ணெயிலிருந்து வரும் பெயின்ட். காஸ்டிக் அந்த எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும். அதனால் இது எனாமலுக்கு மட்டும்தான், ஸ்ப்ரே பெயின்ட்டிலும் பி.யு.விலும் பலிக்காது.

பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் தண்ணீர் எடுத்து அதில் 50 கிராம் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குச்சியால் கலக்குங்கள். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரையும்போதே வாளி சுடும், அது இயல்பு. இன்னொரு பாத்திரத்தில் அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் ஒரு கை மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, ஆறிய காஸ்டிக் தண்ணீரை அதில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால், அடுப்பில் வைக்காமலே கூழாக இறுகும். நீர்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் மைதா. படகின் சுவர் நிமிர்ந்து நிற்கிறது, தண்ணீராக இருந்தால் வழிந்து ஓடிவிடும். அதற்காகத்தான் கூழ். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அலுமினியப் படகில் இந்த முறையையே நினைக்க வேண்டாம். ஃபைபர் படகிலும் பக்கத்தில் அலுமினியத் தகடோ அவுட்போர்டு எஞ்சினின் தண்ணீரில் இறங்கும் பகுதியோ இருந்தால் மூடி வையுங்கள்.

நைலான் பிரஷால் எழுத்தின் மேல் மட்டும் கூழை அரை விரல் கனத்துக்குப் பூசி, பாலித்தீன் போட்டு மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பன்றிமுடி பிரஷ் வேண்டாம், முடி கரைந்துவிடும். பாலித்தீனுக்கு அடியில் கூழ் பழுப்பு நிறமாவது தெரிந்ததும் சுரண்டி எடுத்து, நிறைய நல்ல தண்ணீரால் அலசுங்கள். காயவிட்டால் வேலை நடக்காது, சுரண்டவும் கஷ்டம். கடைசியில் ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து மறுபடி அலசுங்கள். காஸ்டிக் மிச்சம் நின்றால் நாளை எழுதும் புது எனாமலையும் அது சோப்பாக்கிவிடும். எழுதிய மூன்றாம் மாதத்தில் புதுப் பெயர் பாளம் பாளமாக உதிர்வதற்கு இது ஒரு காரணம்.

பாத்திரம் கழுவும் கனமான ரப்பர் கையுறை காஸ்டிக்கைத் தாங்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தலைக்கு மேல் கையை உயர்த்திப் பூசாதீர்கள், படகைச் சாய்த்தோ மேடை போட்டோ கண் மட்டத்துக்குக் கீழே வேலையைக் கொண்டுவாருங்கள். கண்ணில் பட்டால் நிறுத்தாமல் இருபது நிமிடம் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணுக்கு வினிகர் போடவே கூடாது.

ஹார்டுவேர் கடையில் கேட்டால் பெயின்ட் ரிமூவர் என்று ஒரு டப்பாவைத் தருவார்கள். இரும்புக் கதவுக்கு அது சரி. ஃபைபருக்கு வேண்டாம். மெத்திலீன் குளோரைடு உள்ள ரிமூவர் ஜெல் கோட்டையும் பெயின்ட் என்றே நினைத்து உப்ப வைத்துவிடும். ஹீட் கன்னும் அப்படித்தான். எனாமல் நெகிழும் சூட்டுக்கு முன்பே ஜெல் கோட் நெகிழத் தொடங்கும், கொப்பளம் கிளம்பினால் திருத்த முடியாது. சூடு தேவைப்படுவது வினைல் ஸ்டிக்கருக்கு மட்டும். அதற்கு நம் வெயிலே போதும். பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு மணி நேரம் காயவிட்டு, ஒரு மூலையை நகத்தால் எழுப்பி, மடக்கினாற்போல மெதுவாக இழுங்கள். ஒட்டியிருக்கும் பசையை மண்ணெண்ணெய் துணியால் துடைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரால் கழுவலாம்.

நிழல்

பெயின்ட் முழுதும் போயிற்று. துடைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பழைய பெயர் தெரிகிறது, பளபளவென்று. நீலப் படகானால் வெளிறிய நீலத்தின் நடுவே எழுத்து மட்டும் கருநீலமாக நிற்கும்.

பெயின்ட் மிச்சம் இருக்கிறது என்று எண்ணி இந்த இடத்தில்தான் எல்லோரும் எழுத்தின் மேல் தேய்க்கிறார்கள். அது பெயின்ட் அல்ல. இத்தனை வருடமும் எழுத்துக்கு அடியில் இருந்த ஜெல் கோட் வெயில் படாமல் புதிதாகவே இருந்திருக்கிறது. வெளியே இருந்தது வெளுத்து, மாவாகி, மழையிலும் மணல் காற்றிலும் கரைந்து மெலிந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை மெல்ல நகர்த்திப் பாருங்கள்: எழுத்தின் ஓரத்தில் மயிரிழை அளவு மேடு தட்டும். எழுத்து இருந்த இடம்தான் படகின் உண்மையான நிறம், மற்ற இடம்தான் கெட்டிருக்கிறது. அதனால் எடுக்க வேண்டியது சுற்றியுள்ள வெளுத்த அடுக்கை.

எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். எழுத்தைச் சுற்றி ஒரு சாண் மட்டும் மெருகேற்றினால் எழுத்து மறைந்து, அந்த இடத்தில் ஒரு பளபளக்கும் சதுரம் நிற்கும். அது எழுத்தை விட அசிங்கம். அணியத்தின் முனையிலிருந்து, கண்ணுக்கு ஓர் இயல்பான எல்லை வரும் இடம் வரை, அதாவது ஒரு நிறப்பட்டையோ பக்கச்சுவரின் மடிப்போ வரும் வரை, முழுதையும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். முழுப் பக்கத்தையும் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

வேலை தொடங்கும் முன் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் லேசாகக் கோடு போடுங்கள். வாட்டர் பேப்பரை ரப்பர் கட்டையிலோ மரக்கட்டையிலோ சுற்றிக்கொண்டு, வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுந்தும் இடமெல்லாம் பள்ளமாகி, பாலிஷ் போட்டதும் அலை அலையாகத் தெரியும். வெளுப்பு குறைவென்றால் 600-ல் தொடங்குங்கள். மேடு நன்றாகக் கைக்குத் தட்டினால் 400. அதற்குக் கீழே போகாதீர்கள். பென்சில் கோடு போய்விட்டால் அந்த இடத்தில் போதும், நகர்ந்துவிடுங்கள்.

வழியும் தண்ணீரின் நிறத்தைக் கவனியுங்கள். முதலில் பெயின்ட்டின் எச்சம் வரும், சிவப்பு எழுத்தானால் செம்மண் தண்ணீர் மாதிரி. பிறகு வெளுத்த ஜெல் கோட் வரும். நீலப் படகில் அது நீலம் கலந்த மோர் மாதிரி சுண்ணாம்பாக இருக்கும். அதன் பிறகு வழியும் தண்ணீர் தெளிந்த நீலமாக மாறும். அதுதான் நல்ல ஜெல் கோட் வந்துவிட்டதன் அடையாளம், அங்கே நிறுத்த வேண்டும். எழுத்து இருந்த இடத்தில் தொடக்கத்திலிருந்தே தெளிந்த நிறம்தான் வரும். ஆகவே அங்கே கையை லேசாக ஓட்டிச் செல்லுங்கள், அழுத்தம் எல்லாம் வெளியே.

400 முடிந்ததும் 600, 1000, 1500. ஒரு நம்பரில் படுக்கையாகத் தேய்த்தால் அடுத்த நம்பரில் குறுக்காகத் தேயுங்கள். முந்தைய நம்பரின் கீறல் மிச்சமிருந்தால் உடனே கண்ணில் படும். நம்பர் மாறும்போது வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். 400-ல் உதிர்ந்த ஒரு துகள் 1500-க்கு அடியில் சிக்கினால் நீளமாக ஒரு கீறல் போடும். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் ஜெல் கோட் எப்போதும் மெலிந்தே இருக்கும். அங்கே டேப் ஒட்டி மூடிவிட்டு, கடைசி 1500-க்கு மட்டும் திறந்தால் பயமில்லை.

ரப்பிங் காம்பவுண்டைக் கையாலும் போடலாம், தோள் விட்டுப்போகும். மெஷின் என்றால் வேகத்தைக் குறைக்கக்கூடிய பஃபிங் மெஷின் வேண்டும், நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று. பட்டறையில் இருக்கும் நான்கு அங்குல கிரைண்டரில் பஞ்சு மாட்டி ஓட்டுவது வழக்கமாக இருக்கிறது. அது 11,000 சுற்று ஓடும். ஓர் இடத்தில் இரண்டு விநாடி நின்றாலே ஜெல் கோட் கருகி மஞ்சளாகிவிடும். இரண்டுக்கு இரண்டு அடி இடத்தை எடுத்து, ஈரம் கொஞ்சம் இருக்கும்படி தண்ணீர் தெளித்து, மெஷினை நகர்த்திக்கொண்டே இருங்கள். கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் சாய்வான வெயிலில் லேசாகத் தெரியலாம். கருநீலம், சிவப்புப் படகுகளில் முழுக்க மறையாது. அங்கே பிடிவாதம் பிடித்து இன்னும் தேய்க்க வேண்டாம். அந்த இடத்திலும் இனி வெயில் படும். ஓரிரு வருடத்தில் வித்தியாசம் தானாகக் குறையும். புதுப் பெயரை அதே இடத்தில் கொஞ்சம் பெரிதாக எழுதினால் நிழலில் பாதி அதற்கு அடியில் போய்விடும்.

தவறி நார் தெரிந்துவிட்டால்

தேய்க்கும்போது நிறம் திடீரென்று மங்கி, கண்ணாடிபோல அடி தெரிந்தாலோ, நார் வரிவரியாகத் தெரிந்தாலோ ஜெல் கோட் தீர்ந்துவிட்டது. உடனே நிறுத்துங்கள். நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, சுற்றிலும் 220-ஆல் லேசாகச் சுரசுரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, அதே நிற ஜெல் கோட்டை வைத்து அடைக்க வேண்டும். கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் மருந்து) கலந்து வரும் ஜெல் கோட்டாக வாங்குங்கள். 100 கிராமுக்கு, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஒன்றரை மில்லி நம் சூட்டுக்குப் போதும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும் என்பதால் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். கோபால்ட் தனியாக வாங்கியிருந்தால் அதை முதலில் ஜெல் கோட்டில் முழுக்கக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். பூசியதும் மேலே கெட்டிப் பாலித்தீன் ஷீட்டைக் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். காற்றுப் பட்டால் மேல்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். மறுநாள் ஷீட்டை உரித்து 400-லிருந்து மேலே சொன்ன வரிசையில் கொண்டுபோகலாம்.

மர விசைப்படகு என்றால் கதை வேறு. அங்கே உடம்பு முழுக்க பெயின்ட்தான், எழுத்து அந்தப் பெயின்ட்டின் மேல் நிற்கிறது. முழுதாக உரிக்கத் தேவையில்லை. எழுத்தின் மேட்டை 120, 220 என்று நீளக் கட்டையில் சுற்றிச் சமமாக்கி, பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் அடித்தால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் கிழக்குக் கரையில் விசைப்படகுகளை ஏற்றிப் பெயின்ட் அடிக்கும்போதே இதையும் சேர்த்துச் செய்துவிடலாம். ஆனால் உலரத் தேய்க்காதீர்கள். வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் விற்கும் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017-ல்தான். அதற்கு முந்தைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எழுத்துகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. கரையில் விளையாடும் குழந்தைகளை அன்றைக்குத் தள்ளி அனுப்புங்கள்.

எந்தப் படகானாலும் கீழே தார்ப்பாய் விரித்துவிட்டே தொடங்குங்கள். சுரண்டிய பெயின்ட் மணலில் விழுந்தால் அடுத்த அலை அதைக் கடலுக்குத்தான் கொண்டுபோகும். தின்னர் துணிகளைக் குவித்து வைக்காமல் விரித்துக் காயவிட்டு, பிறகு மூட்டையாகக் கட்டுங்கள். பெட்ரோல் கேனும் மண்ணெண்ணெய் கேனும் படகிலிருந்து இறங்கித் தூரமாகப் போயிருக்க வேண்டும். பக்கத்தில் பீடி பற்றவைக்க யாரையும் விடக்கூடாது.

கடைசியாக மெழுகு. மெருகேற்றிய இடம் முழுக்க மெழுகு பாலிஷ் போட்டால்தான் மறுபடி சீக்கிரம் வெளுக்காது. ஆனால் புதுப் பெயர் வரப்போகும் இடத்தை அளந்து, டேப் ஒட்டி, அதற்கு வெளியே மட்டும் போடுங்கள். மெழுகின் மேலும், சிலிக்கான் கலந்த பாலிஷின் மேலும் எனாமல் பிடிக்காது, மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகிப் போகும். டேப்புக்கு உள்ளே இருக்கும் இடத்தில் ஏறியிருக்கும் காம்பவுண்டைத் தின்னர் துணியால் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் புதுத் துணியால், துடைத்துவிட்டு, புது எழுத்தின் கோட்டுக்குள் மட்டும் 400-ஆல் பளபளப்பு மங்கும் அளவுக்கு ஓட்டுங்கள். அதன் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது, மறுபடி துடைக்க வேண்டும். ஒரே படலமாகப் பரவினால் காயவிட்டுப் பெயின்டரைக் கூப்பிடலாம்.